முன் சீட்டில் கிடந்த துண்டு

அந்தக் காலத்தில் எல்லாம் நேரப்படி நடந்தது என்று சொல்கிறவர்களை நான் மறுத்துப் பேசுவதில்லை. நீங்கள் எந்த பஸ்ஸில் போனீர்கள் என்று மட்டும் கேட்பேன். பென்ஷன் வாங்கும் நாளில் கருவூல வாசலில் இப்படிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் அகப்படுவார்கள். விசாரித்தால் அவர்கள் சொந்த ஊரிலேயே வேலை பார்த்தவர்களாக இருப்பார்கள். அடுத்த தெருவில் இருக்கும் ஆபீசுக்கு நடந்து போனவருக்கு எந்தக் காலமும் நல்ல காலம்தான்.

நான் தேனியில் குடியிருந்து போடியில் வேலை பார்த்தவள். இடையில் ஒன்பது மைல். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் என்னை ஆசிரியையாக எடுத்திருந்தார்கள். தகுதிகாண் பருவம் முடிந்தால் வேலை நிரந்தரம், முடியாவிட்டால் வீடு. வீட்டில் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். கடையை மூடியாகிவிட்டது. அம்மா ஒருத்தியால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க முடியாது, காலையிலும் மாலையிலும் நான் கை கொடுக்க வேண்டும். ஆகவே போடியிலேயே குடியேறுவது என்ற யோசனைக்கு இடமே இல்லை. வேலையை விடுவது என்ற யோசனைக்கு அதைவிட இடமில்லை.

முதல் சில மாதங்கள் ரயிலில் போனேன். பெண்கள் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்றைய பாடக்குறிப்பை எழுதி முடிப்பதற்குள் போடி வந்துவிடும். பிறகு ஸ்டேஷனில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சில வாரங்களில் தண்டவாளத்தையே பிடுங்கி அடுக்கிவிட்டார்கள். யுத்தத்துக்கு இரும்பு தேவையாம். ரயில் தாமதமாக வந்தால் யாருக்குப் புகார் எழுதுவது என்று எனக்குத் தெரியும். ரயில் பாதையே எழுந்து போய்விட்டால் யாருக்கு எழுதுவது என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

மற்ற வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குதிரை வண்டிக்காரர் நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்புவார். நாலு பேர் சேர்ந்தால் அவருடைய குதிரை கிளம்பாது. மாட்டு வண்டி போய்ச் சேரும் நேரத்தில் பள்ளியில் மதிய மணி அடித்துவிடும். சைக்கிள் பழகிக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஆசிரியை ஒருத்தி சைக்கிளில் பள்ளிக்கு வருவதில் ஆட்சேபம் உண்டா என்று தலைமையாசிரியைக்கு எழுதிக் கேட்டேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஓரத்தில் எழுதித் திரும்பி வந்தது. இன்றும் அது பரிசீலனையில்தான் இருக்க வேண்டும். ஒரே ஒருநாள் விடிவதற்கு முன் எழுந்து நடந்து போனேன். நேரத்துக்குப் போய்விட்டேன். ஆனால் அன்று முழுவதும் நாற்காலியை விட்டு எழுந்து கரும்பலகை வரை போக முடியவில்லை.

மிஞ்சியது பஸ். பெட்ரோல் கிடைக்காத நாட்கள் என்பதால் அது கரியில் ஓடியது. வண்டியின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைப் பொருத்தியிருப்பார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, நெருப்பு மூட்டி, பக்கத்தில் இருக்கும் விசிறியைக் கிளீனர் கைப்பிடி போட்டுச் சுற்றுவார். அரைமணி நேரம் சுற்றினால் கரிவாயு கிளம்பும். பிறகு எஞ்சின் இருமும், தும்மும், மனமிருந்தால் ஓடும். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கி நிற்கும். எல்லாரும் இறங்குவோம். ஆண்கள் தள்ளுவார்கள், பெண்கள் பின்னால் நடப்போம், மேடு ஏறியதும் மறுபடி ஏறிக்கொள்வோம்.

பெண்களுக்கென்று விட்டிருந்தது கடைசி பெஞ்சு. அதாவது உருளைக்கு முன்னால், ஒரு தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம். சூடும் புகையும் எங்களுக்குத்தான். வெள்ளைப் புடவையில் ஏறினால் சாம்பல் நிறப் புடவையில் இறங்கலாம். பள்ளியில் முதல் பீரியட் முழுக்கத் தலை கிறுகிறுக்கும். டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த முன் சீட்டுதான் அந்த வண்டியிலேயே காற்று வரும் ஒரே இடம். அங்கே ஒரு துண்டு உட்கார்ந்திருக்கும்.

சிவப்புக் கரை போட்ட சலவைத் துண்டு. தேனியில் வீடும் போடியில் ஏலக்காய்க் கிடங்கும் வைத்திருந்த ஒரு வியாபாரியுடையது. காலை ஏழரைக்கு அவருடைய கடை ஆள் வந்து அந்தத் துண்டை முன் சீட்டில் விரித்துவிட்டுப் போய்விடுவார். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் துண்டைப் போட்டால் பின்னாலேயே ஏறி வருவார்கள். இந்தத் துண்டுக்கு உரியவர் அப்போதுதான் குளிக்கப் போவார். குளியல், பூசை, பலகாரம் எல்லாம் முடிந்து அவர் வந்து சேரும்வரை வண்டி அசையாது. பூசை சுருங்கிய நாளில் நேரத்துக்குக் கிளம்பும், நீண்ட நாளில் எட்டேமுக்கால் ஆகிவிடும். ஏலக்காய்ச் சந்தையில் துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைத் தொட்டு விலை பேசுகிறவர்கள் அவர்கள். துணியால் எதையும் முடித்துவிடலாம் என்று நம்புவதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. அதற்கும் மேலாக, பஸ் ஓடிய கரியே மலையில் இருந்த அவருடைய தோட்டத்தில் சுட்டு இறக்கிய கரி. பஸ் முதலாளி அவரிடம் என்ன சொல்ல முடியும்?

வண்டி கிளம்ப வேண்டிய நேரம் எட்டேகால். பர்மிட்டில் அப்படித்தான் இருந்தது; டிரைவர் தலைக்கு மேல் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த காகிதத்தை நான் எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறேன். எட்டேகாலுக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குப் போடி. ஒன்பதேமுக்காலுக்குப் பள்ளி மணி. மணி அடித்து ஐந்து நிமிஷத்தில் வருகைப் பதிவேடு தலைமையாசிரியை அறைக்குப் போய்விடும். அதன் பிறகு வருகிறவர்களின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. மூன்று கோட்டுக்கு ஒரு மெமோ. தகுதிகாண் பருவத்தில் மூன்றாவது மெமோ வந்தால் அதுவே கடைசிக் காகிதம்.

எனக்கு இரண்டு மெமோ வந்துவிட்டது.

முதல் மெமோவுக்கு, ‘பஸ் தாமதமாகக் கிளம்பியதால்’ என்று விளக்கம் எழுதினேன். தலைமையாசிரியை அதன் கீழே, ‘பஸ் இப்பள்ளியின் ஊழியர் அல்ல’ என்று எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் நான் மதிக்கிறேன். குறைசொல்ல முடியாத வாக்கியம்.

முறைப்படி என்ன செய்யலாமோ அதைச் செய்தேன். கண்டக்டரிடம் புகார்ப் புத்தகம் கேட்டேன்.

“அது எதுக்கு டீச்சரம்மா?” என்றான் அவன்.

“எழுதத்தான்.”

வண்டி முழுக்கத் தேடினான். கடைசியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜன்னல் சட்டத்துக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்ததை உருவி எடுத்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெள்ளை. நான் எழுதிய ஒன்றரைப் பக்கம்தான் அதன் முதல் எழுத்து. எழுதி முடித்ததும் மறுபடி வாங்கி ஜன்னலுக்கே கொடுத்தான். பஸ் முதலாளிக்குத் தனியாகக் கடிதம் போட்டேன். ‘டீச்சரம்மா சிரமப்படுறதுக்கு வருத்தப்பட்டாக’ என்று கண்டக்டர் வாய்மொழியாகப் பதில் கொண்டுவந்தான். பர்மிட் கொடுக்கும் மதுரை மேலிடத்துக்கும் எழுதினேன். அங்கிருந்து விசாரணை வருவதற்குள் மூன்றாவது மெமோ வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மேலிடங்களின் வேகமும் கரி பஸ்ஸின் வேகமும் ஏறக்குறைய ஒன்றே.

மூன்றாவது மெமோவுக்கு இன்னும் ஒரே ஒரு சிவப்புக் கோடு பாக்கி. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. வண்டி கிளம்பாவிட்டால் யாருக்கு நஷ்டம்? எனக்கு. அதனால்தான் நான் வாய் பேசாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அவசரம் இல்லாத ஒரு நாள் வேண்டும்.

அந்த வருஷத்துக்கு எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு தற்செயல் விடுப்பு. முதல்நாளே விண்ணப்பம் எழுதினேன். காரணம், ‘சொந்த வேலை’. உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சீட்டுக் கேட்பார்கள், கல்யாணம் என்றால் யாருக்கு என்பார்கள். சொந்த வேலை என்றால் மேற்கொண்டு கேட்கக்கூடாது என்பது முறை. தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, திருத்த வேண்டிய கணக்கு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் வழக்கம்போல் பஸ்ஸுக்குப் போனேன்.

பஞ்சாலைச் சங்கு எட்டு மணிக்கு ஊதியது. போடிக்கு டிக்கெட் வாங்கினேன். முன் கதவைத் திறந்தேன். துண்டை எடுத்து நாலாக மடித்து எஞ்சின் மூடி மேல் வைத்தேன். உட்கார்ந்தேன்.

கண்டக்டர் ஓடி வந்தான். “டீச்சரம்மா, அங்கன உக்காராதீக. அது ஏலக்கா மொதலாளி சீட்டு.”

“அவருக்கு டிக்கெட் குடுத்தாச்சா?”

“அவுகளுக்கு எதுக்குங்க டிக்கெட்டு? வந்த பெறகு வாங்கிக்கிருவாக.”

“நான் வாங்கிட்டேன். எட்டேகாலுக்கு வண்டிய எடுக்கச் சொல்லு.”

டிரைவர் நடுத்தர வயது மனிதர். என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். பின்னால் நரைத்த தலையோடு கிளீனர் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எட்டேகால் ஆயிற்று. எட்டரை ஆயிற்று. எட்டேமுக்காலுக்கு நெற்றியில் சந்தனத்தோடு வியாபாரி வந்தார். கதவருகே நின்றார். கத்தவில்லை. கத்த வேண்டிய நிலையில் அவர் ஒருநாளும் இருந்திருக்க மாட்டார்.

“டீச்சரு, இது நம்ம எடம்,” என்றார்.

“பின்னால எடம் இருக்குங்க,” என்றேன்.

“டிரைவர் பக்கத்துல பொம்பள உக்காந்து போறது நல்லாவா இருக்கு? நாலு பேரு என்ன சொல்லுவாக?”

“நாலு பேரும் வண்டிக்குள்ளதான் இருக்காங்க. கேட்டுருங்க.”

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். “இவுக எறங்குற வரைக்கும் வண்டிய எடுக்க வேணாம்.”

சொல்லிவிட்டு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் அமர்ந்தார். நான் நோட்டுகளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.

வண்டிக்குள் இருந்தவர்கள் எனக்காகப் பரிந்து பேசினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படி அல்ல. முதலில் எல்லாரும் என்மேல்தான் பாய்ந்தார்கள்.

“ஒரு பொம்பள வீம்புக்கு இத்தன பேரும் காயணுமா?” என்றார் ஒருவர்.

“படிச்ச திமிரு,” என்றார் இன்னொருவர்.

கடைசி பெஞ்சில் முருங்கைக்காய்க் கட்டோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். தினமும் போடிச் சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவள். என்னோடு புகையைப் பங்கிட்டுக்கொண்டவள். அவள்தான் கடைசியாக வாயைத் திறந்தாள். “டீச்சரு தாயி, ஒனக்குத்தான பள்ளிக்கூடத்துல கோடு போடுவாக? நேரமாச்சுல்ல. எறங்கிருத்தா.”

“நான் இன்னைக்கு லீவு,” என்றேன்.

“லீவா? அப்பறம் எதுக்குப் போடிக்கு?”

“சும்மா போயிட்டு வரலாம்னு.”

அவள் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். “ஏலே கண்டக்டரு, கேட்டியாடா? டீச்சருக்கு லீவாம். பொழுது சாயிற வரைக்கும் உக்காந்திருப்பாகளாம். நீ போயி ஒங்க மொதலாளிக்குப் பாயி கொண்டாந்து போடு.”

கண்டக்டர் டீக்கடைக்குப் போனான். நான் லீவு என்ற செய்தியைச் சொல்லியிருக்க வேண்டும். வியாபாரி முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். அவருக்குப் பத்தரைக்கு ஏலக்காய் ஏலம். மலையிலிருந்து சரக்கு இறங்கியிருந்தது. நேரத்தைக் காட்டி என்னை இறக்கிவிடலாம் என்று நினைத்தவருக்கு, இப்போது நேரம் அவர் பக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது பின்னாலிருந்து கிளீனர் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே டிரைவரிடம் சொன்னார்: “தம்பி, முக்கா மணி நேரமா வெறுமனே எரியுது. இன்னும் கொஞ்சம் இப்பிடியே நின்னா கோடாங்கிபட்டி தாண்டாது. மறு கரி இல்ல.”

டிரைவர் இறங்கி டீக்கடை வரை நடந்தார். அவர் சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

“மொதலாளி, எரியுறது நீங்க குடுத்த கரிதான். இங்கனயே சாம்பலாப் போயிரும். நடுவழியில நின்னா தள்ள இத்தன பேரு இருக்காக, எனக்கென்ன. ஆனா அவுக டிக்கெட்டு எடுத்திருக்காக. எறங்குங்கன்னு நான் எப்பிடிச் சொல்ல? நீங்க பின்னால ஏறுனா இப்பவே எடுத்துருவேன்.”

வியாபாரி பின்னால் ஏறவில்லை. கடை ஆளை அனுப்பிக் குதிரை வண்டி பிடித்துவரச் சொன்னார். கடை ஆள் எஞ்சின் மூடி மேலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு போனார். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கிளீனர் கைப்பிடியைச் சுழற்றினார். வண்டி தும்மிக்கொண்டு கிளம்பியது.

ஏற்றத்தில் வழக்கம்போல் நின்றது. நான் முன் கதவைத் திறந்து இறங்கினேன். டிரைவர், “நீங்க இருங்க டீச்சர், முன் சீட்டுக்காரக எறங்குறதில்ல,” என்றார். இறங்கி எல்லாரோடும் நடந்தேன். மேட்டின் மேல் முருங்கைக்காய் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே, “நாளைக்கும் அங்கனதான் உக்காருவியா?” என்றாள்.

“காலியா இருந்தா.”

“நான் உக்காந்தா வைவாகளோ?”

“டிக்கெட் எடுத்தா யாரும் வைய முடியாது.”

பத்தரைக்குப் போடியில் இறங்கினேன். போக வேண்டிய இடம் ஒன்றுமில்லை. பள்ளிப் பக்கம் போகவில்லை. விடுப்பில் இருப்பவள் பள்ளி வாசலில் நிற்பது முறையல்ல. கடைத்தெருவில் அப்பாவுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். குதிரை வண்டி எப்போது வந்து சேர்ந்தது என்று நான் விசாரிக்கவில்லை. உச்சி வெயிலில் என்று அவர்களாகவே வந்து சொன்னார்கள்.

மறுநாள் முன் சீட்டில் எதுவும் விரித்திருக்கவில்லை. எட்டேகாலுக்கு வண்டி கிளம்பியது. வியாபாரி வேறு வண்டி ஏற்பாடு செய்துகொண்டதாகக் கண்டக்டர் சொன்னான். கரி நின்றுவிடும் என்று பயந்திருந்தான், நிற்கவில்லை. அந்தப் பக்கத்தில் அவ்வளவு கரி வாங்க வேறு ஆளில்லை.

அடுத்த வாரம் மூன்றாவது மெமோ வந்தது.

தாமதத்துக்காக அல்ல. ‘பொது வாகனத்தில் ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்து, ஆசிரியைக்குத் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பெரியமனிதர் ஒருவரிடமிருந்து நிர்வாகத்துக்குப் புகார் வந்துள்ளது. மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’ அந்தப் பெரியமனிதர் பள்ளிக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. அன்று மாலை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது தலையணையை வைக்க மறந்துவிட்டேன். ‘என்னம்மா’ என்று குழறலாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பக்கம் பக்கமாக விளக்கம் எழுதத் தோன்றியது. எழுதவும் செய்தேன். கிழித்துப் போட்டேன். பிறகு இரண்டே வரி எழுதினேன். ‘குறிப்பிட்ட நாளில் நான் அனுமதிக்கப்பட்ட விடுப்பில் இருந்தேன். விளக்கம் அளிக்க ஏதுவாக, புகார்தாரர் கையொப்பமிட்ட புகார் மனுவின் நகலைத் தந்துதவ வேண்டுகிறேன்.’ புகாரின் நகலைக் கொடுக்காமல் விளக்கம் கேட்கக்கூடாது என்பது விதி. அந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் ஓரத்தில் குறித்தேன்.

நகல் கொடுக்க வேண்டுமானால் முதலில் மனு இருக்க வேண்டும். மனு எழுதினால், டிக்கெட் வாங்காத ஒரு சீட்டில் துண்டை விரித்துவைத்ததையும், முக்கால் மணி நேரம் பஸ்ஸை நிறுத்தியதையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். சந்தையில் விரல் தொட்டு விலை பேசியே பழகிய கை அது.

பத்து நாள் கழித்துத் தலைமையாசிரியை கூப்பிட்டார்கள். மெமோவும் என் பதிலும் மேஜைமேல் இருந்தன.

“அவுக எழுத்துல தர மாட்டாகளாம்,” என்றார்கள். “வாய்ல சொன்னது போதாதான்னு கேக்காக.”

“போதுமாங்க, அம்மா?”

தலைமையாசிரியை மெமோவின் மேல் ‘ரத்து’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஒங்கள நிரந்தரம் பண்ண நான் எழுதிட்டேன். நிர்வாகி தகுதிகாண் பருவத்த மூணு மாசம் நீட்டிருக்காக. காரணம் எழுதல,” என்றார்கள்.

காரணம் கேட்டு மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. படிவமும் எனக்குத் தெரியும். செய்யவில்லை. இன்னும் மூன்று மாதம், ஒரு கோடுகூட விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு எட்டேகாலுக்கு ஒரு பஸ் இருந்தது. மறுநாள் காலை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அதன் பக்கத்தில் ‘9.36’ என்று எழுதினேன். அதற்கடுத்த நாள் ‘9.34’. ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியை பதிவேட்டோடு வகுப்புக்கே வந்துவிட்டார்கள்.

“நேரம் போடச் சொல்லி ஒங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. போடக்கூடாதுன்னு விதி இருந்தா நிறுத்திடறேன்.”

பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று மாதமும் எழுதினேன். நிரந்தர உத்தரவு கைக்கு வந்த பிறகும், ஓய்வு பெறும் நாள் வரைக்கும் எழுதினேன்.